வேப்பமரத்து ஆணி

மாப்ளே,

பழைய மஞ்சள் மழைக்கோட்டு கக்கத்தில் கிழிந்துவிட்டது. நேற்று மதுரைக்குப் போய்ப் புதிது வாங்கினேன். கடையில் உறையிலிருந்து உருவியதும் சடசடவென்று ஒரு சத்தம். என் கை என்னைக் கேட்காமலே அதை முழங்கையில் தேய்த்துப் பார்த்தது. மயிர் சிலிர்த்து நின்றது. கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். எனக்கு உன் முகம்தான் வந்தது.

தீபாவளி முடிந்து கம்பெனிகளை மூடினால்தான் நமக்கு ஓய்வு. மழையும் அப்போதுதான் பிடித்துக்கொள்ளும். நீ எம். புதுப்பட்டிப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். நான் பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிக்கும் அச்சகத்தில். நாற்பது வயதில் ஆளுக்கொரு கியர் சைக்கிள் வாங்கி, ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி மலைப்பாதையில் ஏறி இறங்கக் கிளம்பினோம். வீட்டில் சிரித்தார்கள். நாம் கேட்டால்தானே?

மழைக்கோட்டு வாங்கப் போன அன்று, கடைக்காரர் எடுத்துப்போட்டதை எல்லாம் நீ கையில் தேய்த்துத் தேய்த்து ஒதுக்கினாய். பெண் பார்க்கப் போனவன்கூட அவ்வளவு குறை சொல்லமாட்டான். "அண்ணே, மழையில நனையாம இருக்கத்தான கேக்குறீக?" என்று அவர் கேட்டேவிட்டார். நைலான் உரசினால் பொறி வரும், வெடிமருந்து புழங்கும் இடத்தில் பருத்தித் துணிதான் உடுத்தவேண்டும் என்பதெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும்? "ஏலே, காட்டுக்குள்ள எங்கன இருக்கு மருந்து?" என்று நானும் கேட்டேன். நீ அசையவில்லை. கெட்டிப் பருத்தியில் தைத்த ஒரு கித்தான் கோட்டை வாங்கிக்கொண்டாய்.

பாதி மலையில் மழை பிடித்தது. நான் நைலானுக்குள் சொட்டும் நனையவில்லை. உன் கோட்டு தண்ணீரைக் குடித்து ஊறின சாக்காகக் கனத்தது. பல் தந்தியடிக்க நின்றாய். என் கோட்டைக் கழற்றி நீட்டினேன்.

"வேணாம்லே. லீவுல இதுல சொகம் கண்டுட்டா, கம்பெனி தொறந்ததும் மறந்து மாட்டிட்டுப் போயிருவேன். என் ஷெட்ல பன்னெண்டு பொம்பளைக உக்காந்திருக்காக."

அதற்கும் சிரித்தேன். நீ மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தாய்.

அப்படிச் சிரித்தவன்தான் அந்தக் காரியத்தையும் செய்தேன். அடுத்த கோடையில் ஒரு நாள், மழை வரும்போல் இருட்டியதே தவிர ஒரு தூறலும் இல்லை. லேபிள் மாதிரிகளைக் காட்டும் அவசரத்தில் மஞ்சள் கோட்டோடு கேட்டைத் தாண்டி உன் ஷெட் வாசல்வரை வந்துவிட்டேன். நீ ஓடி வந்தாய். பதறிப்போய்க் கோட்டைக் கழற்றப் போனேன்.

"கழத்தாத! கைய அசைக்காம அப்படியே திரும்பிப் போ!"

பன்னிரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்க, கேட்டுக்கு வெளியே வேப்பமரம்வரை நடந்தேன். அங்கே கழற்றியபோது அது சடசடத்ததை இருவருமே கேட்டோம். நீ ஓங்கி ஓர் அறை விட்டாய்.

தப்பு என்னுடையதுதான். ஆனாலும் ரோஷம் விடுமா? இரண்டு வாரம் உன்னோடு பேசவில்லை. நீதான் அச்சகத்துக்கு வந்தாய். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "வேப்பமரத்துல ஒனக்குன்னு ஒரு ஆணி அடிச்சிருக்கேன். அங்கன மாட்டிட்டு உள்ள வா. டீ சாப்பிட்டியா?" என்றாய். அந்த டீயோடு சண்டை முடிந்தது.

போன ஐப்பசியில் நெஞ்சுவலி உன்னைக் கொண்டுபோய்விட்டது. நீ இருந்தவரை அந்த ஷெட்டில் ஒருத்தி கையிலும் ஒரு கொப்புளம் வந்ததில்லை. அன்று பன்னிரண்டு பேரும் உன் வாசலில் உட்கார்ந்து அழுதார்கள். நான் உன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இன்னும் நான் தனியாக மலைக்குப் போகவில்லை மாப்ளே. மனசு வரவில்லை.

இன்று காலை நல்ல தூறல். லேபிள்களை டிபன் பாத்திரத்துக்குள் வைத்துக்கொண்டு கம்பெனிக்குப் போனேன். ஆணியில் ஏற்கெனவே ஒரு நீலக் கோட்டு தொங்கியது. லோடு ஏற்ற வந்த டிரைவருடையதாம். உன்னை அவன் பார்த்ததுகூட இல்லை. அதன்மேலேயே என் புதுக்கோட்டையும் மாட்டிவிட்டு நடந்தேன்.

உன் பன்னிரண்டு பேரில் ஒருவரான அக்கா, ஷெட் வாசலில் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மழை நாள்ல எங்க போர்மேன் வந்த மாதிரியே நனஞ்சு வாரீகளேண்ணே."