குடைக்கு முந்நூறு சுற்று

நாள் 412, 07.10
காந்தக் குடை நல்ல நிலை. அதைத் திருப்பும் மோட்டார் நல்ல நிலை. என் முதுகு அப்படியில்லை. அதற்குப் படிவத்தில் கட்டம் கிடையாது. எழுதுவது மாசிலாமணி, ஃபிட்டர், பத்தாம் வகுப்பு அறிவியலில் முப்பத்தாறு மார்க். இந்த விண்வெளி நிலையத்தில் கூட இருப்பவர் எப்ராயீம் மட்டும். கீழே கோளில் இருநூறு பேர், அதில் ஒருத்தி என் மகள் அருட்செல்வி. இந்த நட்சத்திரத்தைப் பற்றி அவள் ரேடியோவில் சொன்னது: "நம்ம சூரியன் மாதிரியேதான்ப்பா. வயசு கம்மி, அதான் கோவம் ஜாஸ்தி. பக்கத்துல நட்சத்திரங்க கொத்தா நிக்குதே, அதெல்லாம் கூடப் பொறந்ததுங்க." அது சீறினால் சைரன் கத்தும். துகள்களைத் தடுக்கிற குடையைக் கோள் பக்கம் திருப்பிவிட்டு நாங்கள் இருவரும் கதிர்வீச்சு நுழையாத ஈய அறைக்குள் ஒளிய வேண்டும். அவ்வளவுதான் வேலை.

நாள் 412, 15.30
சைரன் ஐந்தாவது முறையாகச் சும்மா கத்தியது, அதுவும் டீ நேரத்தில். அதன் வாயில் என் போர்வையைத் திணித்துக் கட்டினேன். எப்ராயீம் கைதட்டினார்.

நாள் 413, 09.42
போர்வைக்குள்ளேயே கத்தியிருக்கிறது. நட்சத்திரம் சீறி இருபத்தைந்து நிமிடம் ஆகிவிட்டது. துகள் புயல் எங்களைத் தொட இன்னும் இருபது, கோளைத் தொட முப்பது. சீற்றத்தின் முதல் வீச்சிலேயே மோட்டார் கருகிவிட்டது. குடையைக் கையால் சுற்றித் திருப்பலாம், முந்நூறு சுற்று. கைப்பிடி ஈய அறைக்கு வெளியே.
"அப்பா, நாப்பது பேர் வெளியில நிக்கிறோம், உள்ள போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகும். குடை ஏன் திரும்பல? தூங்கிட்டீங்களா?"

09.51
கைப்பிடியைச் சுற்றத் தொடங்கியதும் எப்ராயீம் என் காலைப் பிடித்து இழுத்தார். "உள்ள வாங்கண்ணே, செத்துருவீங்க!" என் மூக்கை உடைத்தார். ஸ்பேனரால் அவர் தாடையில் அடித்தேன். மூன்று பல்லும் ரத்த உருண்டைகளும் முகத்துக்கு நேரே மிதந்தன. கோழி அறுக்கக்கூட மனைவியைக் கூப்பிடுகிற ஆள் நான். அவரை ஈய அறைக்குள் தள்ளினேன். திரும்ப வந்து இழுப்பார் என்று கதவில் இரண்டு பொட்டு வெல்டிங் வைத்தேன். அப்புறம் வெட்டிக்கொள்ளலாம்.

10.04, குரல் பதிவு
இருநூற்றுப் பத்து. உள்ளங்கைத் தோல் கைப்பிடியோடு போய்விட்டது. கண்ணை மூடினாலும் பொறி பறக்கிறது. வாந்தி. இருநூற்றுப் பதினொன்று.

10.11
"அப்பா, குடை நிழல் வந்துருச்சு! எல்லாரும் தப்பிச்சோம்! எப்ராயீம் மாமா எங்க, சத்தமே காணோம்?"
டீ குடிக்கிறார் என்றேன். அதோடு ரேடியோ செத்தது.

16.20, குரல் பதிவு
இவ்வளவு நேரம் மயங்கிக் கிடந்திருக்கிறேன். கண் இரண்டும் போச்சு. கட்டர் கையில் இருக்கிறது, கதவுதான் கிடைக்கவில்லை. கீழிருந்து ஓடம் வர இரண்டு நாள். ஈய அறையில் காற்று, கதவை மூடியதிலிருந்து பத்து மணி நேரம்தான். அவர் தட்டுகிற சத்தத்தைப் பிடித்துக்கொண்டே நகர்கிறேன். இதைக் கேட்பவர் முதலில் அந்தக் கதவை வெட்டுங்கள். இரண்டே பொட்டு.

19.48, குரல் பதிவு
தட்டுங்க எப்ராயீம். கிட்ட வந்துட்டேன். நிறுத்தாதீங்க.
எப்ராயீம்?