ஆறாவது கதவு

அக். 6, திங்கள்

பனி. மூன்று நாளாக உடுப்பு காயவில்லை. சட்டையை ஈரத்தோடே போட்டுக்கொண்டேன். உடம்பு ஆட்சேபிக்கவில்லை.

பத்து மணிக்கு, சித்திரபுரம் கூடத்தில், படம் வரையும் சிகிச்சை. ஆடி மாத மண்சரிவில் எங்கள் லயம் போனதே, தோட்டத்து வரிசை வீடு பத்து, ஒன்று காலி; அதில் இருந்த ஒன்பது குடும்பங்களுக்கு. நடத்துவது ஒரு தன்னார்வக் குழு. வந்திருப்பவர் அஞ்சனா, பாலக்காட்டுப் பக்கம் சித்தூர்ப் பெண். முப்பது வயது இருக்கும். வார்த்தைக்கு வார்த்தை 'ங்க'.

செல்லக்கனி என் காதில், "இம்புட்டு மரியாதையா பேசுதா, நம்மட்ட எதையோ வாங்கத்தாம்ணே வந்திருக்கா."

செல்லக்கனி ஏழாவது வீடு. கொழுந்து எடுப்பவள். எங்கள் வீடு ஆறு.

கொடுத்தவை: பெரிய தாள், 24 நிற மெழுகுக்குச்சிப் பெட்டி, பிஸ்கட், டீ. டீ மோசம். சுற்றிலும் தேயிலை விளையும் ஊரில் இவ்வளவு மோசமாகப் போடத் தனித் திறமை வேண்டும்.

ஒரு படிவம். துயரத்தை ஒன்று முதல் பத்துவரை மதிப்பிட வேண்டும். நான் பதினெட்டு வருடமாக ஃபாக்டரி ஸ்டோர் கிளார்க். கையிருப்பு பார்க்கத் தெரியும். பார்த்தேன். 'நில்', அதாவது இருப்பு இல்லை, என்று எழுதினேன். அஞ்சனா அதன் பக்கத்தில் எதையோ குறித்துக்கொண்டார்.

சட்டைப் பையில்: கண்ணாடி, பஸ் சில்லறை, சாவி.

சாவிக்குப் பூட்டு இல்லை. பூட்டுக்குக் கதவு இல்லை. மண் சரிந்த அன்று மதியம் ஷிப்டுக்குப் போகும்போது வெளியே பூட்டியது நான். உள்ளே பேச்சி, என் மனைவி. காய்ச்சல் மாத்திரை போட்டுக்கொண்டு தூங்கினாள். குரங்குக்காகப் பூட்டினேன். லயத்தில் எல்லாரும் செய்வதுதான். ஆள் தூங்குவது குரங்குக்குத் தெரியும். கதவைத் தள்ளி, அரிசியைக் கொட்டி, இருப்பதை எடுத்துக்கொண்டு போகும்.

மண் வந்தபோது லயத்தில் இருந்த எல்லாரும் வெளியே ஓடிவிட்டார்கள். பேச்சி வரவில்லை. மாத்திரை மயக்கம் என்று ஊர் முடிவு செய்துகொண்டது. நான் திருத்தவில்லை.

அக். 8, புதன்

தூறல். இன்றைய பாடம்: உங்கள் வீட்டை வரையுங்கள்.

ஒன்பது பேர், ஒன்பது தாள், ஒரே படம். நீளமாக ஒரு தகரக் கூரை, கீழே பத்துக் கதவு. அஞ்சனா திகைத்துப்போனார். "ஏனுங்க, லயத்த இல்லீங்க. அவங்கவங்க வீட்ட மட்டும் வரைங்க."

"அது எப்பிடி மேடம்?" செல்லக்கனி. "கூரை ஒண்ணுல்லா? நடுவுல வெட்டுனா ஒழுகாதா?"

சிரித்தார்கள். இந்தக் கூடத்தில் முதல் சிரிப்பு. நானும் வாயைத் திறந்து மூடினேன்.

பிறகு அரை மணி நேரம் மூன்றாவது கதவின் நிறம் பற்றி.

"பச்சை."

"நீலம்ட்டி. போன தீவாளிக்கு அடிச்சது நாந்தான்."

"நீ அடிச்ச லெட்சணத்துலதான் அது பச்சையா தெரிஞ்சிச்சி."

மண் நிறப் பழுப்புக் குச்சி எல்லாப் பெட்டியிலும் தீர்ந்துவிட்டது. மற்ற இருபத்து மூன்றும் ஏறக்குறைய புதிது.

என் படம்: ஒன்பது கதவு மூடியவை. ஆறாவது திறந்தது. கை தானாக அப்படி வரைந்தது என்று எழுத ஆசை. இல்லை. யோசித்துத்தான் வரைந்தேன்.

அஞ்சனா தாளைத் தூக்கிக் காட்டினார். "பாருங்க, அண்ணா மட்டும் கதவத் தெறந்து வெச்சிருக்காருங்க. மனசு தெறக்க ஆரம்பிச்சிருச்சுன்னு அர்த்தமுங்க."

கைதட்டினார்கள். செல்லக்கனி தட்டவில்லை. கையில் மெழுகு ஒட்டியிருந்தது, அதனால் இருக்கலாம். அவள் படத்தில் ஆறாவது கதவின் நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. குச்சி முனை பட்ட கறை.

அக். 9, வியாழன்

காஸ் வந்தது. அரிசியில் வண்டு. நூலகப் புத்தகம் திருப்பவில்லை. புத்தகம் மண்ணுக்குள், நினைவூட்டல் மட்டும் ஒழுங்காக வருகிறது.

சரிவுக்குப் பிறகு கொடுத்த இந்தக் குவார்ட்டர்ஸிலும் குரங்கு உண்டு. போகும்போது பூட்டுகிறேன். உள்ளே யாரும் இல்லை என்பதை இரண்டு தடவை பார்த்துவிட்டு.

மாலையில் அஞ்சனா போன். சனிக்கிழமை எர்ணாகுளத்திலிருந்து விருந்தினர்கள் வருகிறார்கள். என் படம் நடுவில் மாட்டப்படும். "அந்தத் தெறந்த கதவு பத்தி ரெண்டே வார்த்த பேசுனா போதுமுங்கண்ணா."

என்னிடம் சரியாக இரண்டு வார்த்தை இருக்கிறது. நான் பூட்டினேன்.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். சரி என்றேன். ஏனென்று தெரியவில்லை. சோறு பொங்கி வழிந்தது. வழியட்டும் என்று இருந்தேன்.

அக். 11, சனி

காலையில் யாரும் வருமுன் கூடத்துக்குப் போனேன். படத்தைச் சுவரிலிருந்து எடுத்தேன். கறுப்புக் குச்சி. திறந்த கதவை மூட ஆறு கோடு ஆனது. பூட்டு வரைய ஒரு வட்டம், ஒரு வளையம். திரும்ப மாட்டினேன். கொஞ்சம் கோணல்.

விருந்தினர் நான்கு பேர். பொன்னாடை, பூச்செண்டு, அதே டீ. என்னைக் கூப்பிட்டார்கள். அஞ்சனா படத்தைக் காட்டத் திரும்பி, நின்றுவிட்டார். "ஏனுங்கண்ணா, மூடிட்டீங்க?"

மைக்கில் சொன்னேன், "நான் பூட்டினேன்."

எங்கள் ஆட்கள் அசையவில்லை. அது முன்னுரை என்று நினைத்து விருந்தினர்கள் காத்திருந்தார்கள். நான் உட்கார்ந்ததும் ஒருவர் கைதட்டினார். அவருக்குத் தமிழ் தெரியாது.

வெளியே குழாயடி. கை கழுவிக்கொண்டிருந்தேன். கறுப்பு போகவில்லை. செல்லக்கனி பக்கத்தில் வந்து நின்றாள்.

"எனக்குத் தெரியும்ணே."

குழாயை மூடினேன்.

"ஓடும்போது உங்க கதவ இழுத்தேன். ரெண்டு தரம். பூட்டு ஆடுச்சி. உள்ள இருந்து அக்கா 'யாரு'ன்னு கேட்டா. என் தோள்ல மாமியா கெடக்கு. வுட்டுட்டு ஓடிட்டேன்."

பேச்சி விழித்திருந்தாள். மாத்திரை மயக்கம் இல்லை. குரல் கொடுத்திருக்கிறாள். அதைக் குறித்து வைக்கிறேன்.

"யாருட்டயும் சொல்லல. சொன்னா உங்களயும் கேப்பாவ, என்னயும் கேப்பாவ. படத்துல புள்ளியா வச்சேன். நீங்க என்னன்னா கதவத் தெறந்து வச்சி கைதட்டு வாங்குதீய. அன்னைக்கு உங்க மேல அப்பிடி ஆத்திரம் எனக்கு."

"குரங்குக்குத்தான் பூட்டுனேன்."

"வேற எதுக்கு? நானும் மாமியாள உள்ள வச்சுப் பூட்டிட்டுத்தான் கொழுந்துக்குப் போவேன். மண்ணு வந்த அன்னைக்கு எனக்கு லீவு. அம்புட்டுத்தான்."

முந்தானையில் என் கையைத் துடைத்துவிட்டாள். கறுப்பு அவள் சேலையிலும் ஒட்டியது. "மாமியாளுக்குக் கஞ்சி வைக்கணும்" என்று போய்விட்டாள்.

அக். 12, ஞாயிறு

வெயில். உடுப்பு காய்ந்தது.

காலையிலிருந்து கதவைத் திறந்தே போட்டிருக்கிறேன். சாவி மேசைமேல். பதினொரு மணிக்கு ஒரு குரங்கு வாசலில் வந்து உட்கார்ந்தது. என்னைப் பார்த்தது.

"யாரு?" என்றேன்.

உள்ளே வந்து பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு போனது. நான் எழுந்திருக்கவில்லை. கதவு அப்படியே கிடக்கிறது.