போட்டில் கரண்ட் குடித்தது யார்?

29 செப். திங்கள்.
காலையிலிருந்தே புழுக்கம். கிள்ளான் ஆற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது. போட் சேற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது.

தீபாவளிக் கலைநிகழ்ச்சி மேடையில் நான் சொல்ல நகைச்சுவை எழுத வேண்டும். வீட்டில் மனைவி ராணியிடம் டியூஷன் படிக்கும் பிள்ளைகளின் கூச்சல். அதனால்தான் நண்பன் குணாவும் நானும் சேர்ந்து வாங்கிய இந்தப் பழைய மீன்பிடி போட்டில் எனக்கு ஆபீஸ். கூரையில் சோலார் தகடு. கீழே இரண்டு லோரி பேட்டரி, ஒரு இன்வெர்ட்டர். லேப்டாப், மின்விசிறி, குட்டி ஐஸ்பெட்டி எல்லாம் இவற்றை நம்பி. லேப்டாப்பைத் திறந்து கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, இன்வெர்ட்டர் கீச் கீச். பேட்டரி காலி. மறுபடியும்.

குணா: "உன் லேப்டாப் கிழடுடா மச்சான். கரண்டை மாடு மாதிரி குடிக்குது."

படகுத்துறை முழுக்கச் சொல்லிவிட்டான். நாசி லெமாக் தேங்காய்ச்சோறு விற்கும் லெட்சுமி அக்காகூட, "என்னண்ணே, இன்னைக்கும் குடிச்சிருச்சா?" முதலில் ஐஸ்பெட்டியை நிறுத்தினேன். பிறகு மின்விசிறியையும். வியர்வையில் நனைந்து எழுதிய நகைச்சுவை, பனியன் வாடை.

1 அக். புதன். ஆயுத பூஜை.
நல்ல வெயில். சோலாருக்குக் கொண்டாட்டம். பேட்டரி, இன்வெர்ட்டர், லேப்டாப், எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். தேங்காய் உடைத்தது குணா. இன்று கருவிகளுக்கு ஓய்வு, நாளைதான் தொடுவது. மெயின் சுவிட்சை நானே அணைத்து அதன்மேலும் ஒரு பொட்டு வைத்தேன். மீட்டரில் பேட்டரி முழுசு.

"நாளைக்குப் பாரு மச்சான், பறக்கும்லா!" சூடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் சொன்னான்.

2 அக். வியாழன். தூறல்.
பேட்டரி காலி. லேப்டாப்பை நேற்றுப் பூஜை முடிந்ததுமே பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டேன். சுவிட்சில் வைத்த பொட்டு கலைந்திருக்கிறது.

நான் கேட்கும் முன்பே லெட்சுமி அக்கா: "நேத்து சாயங்காலம் உங்க கூட்டாளி லைவ் செமலா!"

"என்ன லைவ்?"

"தெரியாதா? உங்க போட்லேர்ந்துதானே போடுறாரு. பெரிய வட்ட லைட்டு, மைக்கு, ஸ்பீக்கரு..." போனை நீட்டினார்.

குணா. பட்டுச் சட்டை. சொல்வதெல்லாம் என் ஜோக். சம்பந்தி ஜோக், பல் டாக்டர் ஜோக், வரிசைகூட மாறவில்லை. எதை எழுதினாலும் முதலில் அவனிடம்தான் சொல்லிப் பார்ப்பேன். சிரிக்கவே மாட்டான். ரசனை கம்மி என்று நினைத்திருந்தேன். மனப்பாடம் செய்துகொண்டிருந்திருக்கிறான்.

அதுகூடப் போகட்டும், வேறு எழுதலாம். கடைசியில் ஒன்று வந்தது. மகள் மெல்பர்னுக்கு வேலைக்குப் போன பிறகும் ஞாயிறுதோறும் நான் மூன்று பேருக்கு ரொட்டி சானாய் வாங்குவது. அவள் பங்கைக் காருக்குள்ளேயே உட்கார்ந்து அழுதபடி தின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவது. அது ஜோக் இல்லை. ஒருநாள் அவனிடம் மட்டும் சொன்னது.

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "யாருண்ணே அந்த லூசு?"

"தெரியலக்கா."

பாழாய்ப்போனவன், நன்றாகத்தான் சொல்கிறான். எனக்கே ஓர் இடத்தில் சிரிப்பு வந்தது.

3 அக். வெள்ளி.
பேட்டரிகளைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டு வந்தேன். இடுப்பு போச்சு. பழிவாங்க நினைப்பவன் முதலில் உடற்பயிற்சி செய்ய வேண்டும்.

மதியம் குணா போன். "மச்சான், பேட்டரி திருடு போச்சுடா! சாமி கும்பிட்ட பேட்டரிலா! யாரையும் நம்ப முடியலே."

"ஆமாடா. இன்னைக்கு லைவ் எப்படிப் போடுவே?"

அப்புறம் மெதுவாக: "நீ மேடையிலே நடுங்குவே மச்சான். நான் சொன்னா எடுபடுது."

வைத்துவிட்டேன். மன்னிப்புக் கேட்பான் என்று சாயங்காலம் வரை போனைப் பக்கத்திலேயே வைத்திருந்தது இன்னொரு கூத்து.

5 அக். ஞாயிறு. மேகமூட்டம்.
ரொட்டிக் கடையில் நான் வாய் திறக்கும் முன்பே மூன்று பொட்டலம். காருக்குள் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். தின்ன முடியவில்லை. முதல்முறையாக மூன்றும் வீடு வரை வந்தன.

ராணி பிரித்தாள், எண்ணிப் பார்த்தாள். அவளும் லைவ் பார்த்துவிட்டாள் போல. ஒரு ரொட்டியைப் பிய்த்துப் பருப்பில் தோய்த்துத் தின்றாள், நிதானமாக, முழுசும்.

அப்புறம்: "குணாகிட்ட சொன்னீங்க. எனக்குச் சொல்லலே."