ஆபீஸ் வாசலில் முளைப்பாரி

பங்குனி மாதம், ஞாயிற்றுக்கிழமை

சிரஞ்சீவி பேரன் சுரேஷ்கண்ணனுக்கு அப்பத்தா கருத்தம்மாள் ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இங்கே நான் சுகம். ஆடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது, அதுகளும் சுகம். விஜயவாடாவில் நீயும் உன் முறுக்கு வண்டியும் சுகமா? போனில் நீ பேச ஆரம்பித்தால் எனக்கு இடமே கொடுப்பதில்லை. அதனால்தான் கடிதம். இதைப் பாதியில் வெட்ட உன்னால் முடியாது.

"சட்டிய எடுத்துரு அப்பத்தா, ஊரே சிரிக்குது" என்றாய். ஊர் சிரிக்கவில்லை. நடந்ததை முதலில் கேள்.

நம் ஊருணியில் பேரூராட்சிக் குப்பை வண்டி கொட்டிக்கொண்டிருந்தது உனக்குத் தெரியும். வேறு இடம் வாங்கப் பணம் இல்லை என்றார்கள். இப்போது சேர்மன் ராஜமணி, அது வெறும் குப்பைமேடுதானே, மூடிக் கடை கட்டினால் வாடகை வரும் என்கிறார். மேலே இருந்து நிதி வருவதில்லையாம், கரண்ட் பில் கட்ட முடியவில்லையாம். ஊர் எல்லையில் அலங்கார வளைவு மட்டும் கட்ட முடிந்திருக்கிறது. அதில் அவர் பெயர் என் உயரத்துக்கு இருக்கிறது.

பங்குனிப் பொங்கலுக்கு எங்கள் தெருப் பெண்கள் சட்டியில் விதை தூவி முளைப்பாரி போட்டோம். இந்த வருடம் பயிர் அடர்த்தியாக வந்தது. தண்ணீரில் கரைக்கலாம் என்று சட்டிகளைத் தலையில் தூக்கிக்கொண்டு போனால், ஊருணியில் கோழிக்கடைக் கழிவு, கால் வைக்க முடியவில்லை. கரைக்காமல் வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவரக் கூடாது. தரையில் கொட்டவும் கூடாது. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். "வாங்கடி" என்றேன். நேரே பேரூராட்சி ஆபீசுக்கு நடந்தோம். வாசற்படியில் வரிசையாக இறக்கி வைத்து, சுற்றிக் கும்மி அடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டோம்.

முளைப்பாரியை ஆம்பளை தொட மாட்டான். வளர்த்தவள் தவிர வேறு பொம்பளையும் தொட மாட்டாள். ஆபீசர் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாக நுழைகிறார். இன்ஸ்பெக்டர் ஒரு பெண் போலீசைக் கூட்டிவந்து எடுக்கச் சொன்னார். ஆண்டிபட்டிப் பிள்ளை அது. "நான் வீட்டுக்குத் தூரம் சார்" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தது.

பிறகு சேர்மனே வந்தார். "ஆத்தா, வண்டி பிடிச்சுத் தாரேன். லோயர் கேம்ப்புக்குப் போயி ஆத்துல கரைச்சிட்டு வந்துருங்க" என்றார். "நம்மூரு முளைப்பாரிய அசலூருத் தண்ணியில விட்டா வெள்ளாமையும் அங்கிட்டே போயிரும்ய்யா. போனாப் போகட்டும்னு மைக்குல சொல்லிருங்க, நான் கொண்டு போறேன்" என்றேன். காரில் ஏறிவிட்டார். நாங்கள் தினமும் போய்த் தண்ணீர் தெளிக்கிறோம். பயிர் இன்னும் வளர்கிறது.

குப்பை வண்டி தள்ளும் சின்னக்கருப்பு மட்டும் ஒன்று கேட்டான். "எனக்குச் சம்பளம் வந்து மூணு மாசமாச்சு ஆத்தா. ஊருணி இருந்தா எனக்கென்ன, கடை வந்தா எனக்கென்ன?" மறுநாள் ஆபீசரிடம் போய்க் கேட்டேன். கடை வேண்டாமென்று யார் சொன்னது? பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பூட்டிக் கிடக்கிற பழைய கொட்டகையை இடித்துக் கட்டுங்கள், வருகிற வாடகையில் முதலில் கூட்டுகிறவர்களுக்குச் சம்பளம் போடுங்கள், வளைவுக்குப் பணம் இருந்த ஊரில் இவர்களுக்கு இல்லையா என்றேன். "நல்ல யோசனைதாம்மா, ஆனா..." என்றார். அந்த ஆனாவோடு ஃபைலைத் திறந்து குனிந்துகொண்டார்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை கவுன்சில் கூட்டம். ஊருணியை மூடத் தீர்மானம் வருகிறது. கவுன்சிலர்களில் பாதிப் பேர் எங்களைப் பார்த்துத் தயங்குகிறார்கள். அவர்களைத் தன் பக்கம் இழுக்கச் சேர்மன் தெருத்தெருவாக ஒன்று சொல்கிறார். "கருத்தம்மா பேரனே கடை கேட்டு எனக்குப் போன் போட்டான். மொதக் கடை அவனுக்குத்தான். கெழவி எதுக்கு ஆடுது?"

கும்மிப் பாட்டு எடுத்துக் கொடுக்கும் உமாதேவி எல்லார் முன்னாலும் என்னிடம் கேட்டாள், "நெசமா பெரியாத்தா?" என்று. முளைப்பாரிக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். நான் நிமிர்ந்து நின்று சொன்னேன், "என் பேரன் அப்படிக் கேக்கிறவன் இல்லடி. என் கையால சோறு தின்னவன்."

வெயிலில் முறுக்கு வண்டி தள்ளுகிறவன் நாலு சுவருக்கு ஆசைப்படுவது எனக்குத் தெரியாதா? ஆசைப்படு ராசா. ஊருக்கு வா, நம் வீட்டு முன்கட்டிலேயே அடுப்பைப் போடு, நான் மாவு பிசைந்து தருகிறேன். ஊர் குடித்த தண்ணீர் மேல் மட்டும் அடுப்பைப் போடாதே. நீ போன் போட்டாயா இல்லையா என்று நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

இதை ஸ்பீடு போஸ்டில் போடச் சொல்கிறேன். கிடைத்ததும் சேர்மனுக்குப் போன் போட்டு, அந்தக் கடை எனக்கு வேண்டாம் என்று உன் வாயால் சொல். நான் இத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டேன். அதை மெய்யாக்க வேண்டியது நீ.

நீ தலை நிமிர்ந்து நடக்க வேண்டும், நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும்.

உன் அப்பத்தா,
கருத்தம்மாள்