அரசர் நாவை உலர்த்திய லேகியம்

மலை மூன்றும் ஆறு இரண்டும் உடைய வேங்கூர் நாட்டை ஆள்பவரும், பெயரைக் கேட்ட அளவிலே பகைவர் படுத்துக்கொள்ளும் பெருமை வாய்ந்தவருமாகிய செருவாழி வேள் திருமுன்பு, குங்கிலியக்காட்டு வேட்டைப் பாசறையில் சேர்ப்பிக்க, மூத்த அமைச்சன் கொற்றங்குடிக் காவிதி பணிந்து எழுதும் ஓலை. அரசர் நலம் பெறுக, கோல் நிமிர்ந்து நிற்க. நாட்டில் மழை உண்டு, நெல் உண்டு, என் முழங்கால் வலியும் உண்டு.

இதைத் தனியே படித்தருள்க. மருத்துவன் புலிநகன் அருகில் நின்றால், ஏரிக்கரை உடைந்த செய்தி என்று சொல்லி முகத்தைச் சுளித்துக்கொள்க.

நம் நாட்டு ஆண்கள் பள்ளியறையில் வாய் திறப்பதில்லை. சொல் சிந்தினால் வீரியம் சிந்தும் என்று மீசை முளைத்த நாள் முதல் நம்புகிறோம். அந்த நம்பிக்கையின் மேல்தான் புலிநகன் கடை விரித்தான். தன் ஆண்மை லேகியத்தை நாற்பது நாள் உண்டால் நா அடங்கும், கண் அகலும், நெஞ்சு முரசாய் அதிரும், மூன்றும் வீரியம் ஏறியதன் அடையாளம் என்றான். தங்களுக்கு இன்று முப்பத்தேழாம் நாள். மூன்றையும் தங்களிடம் கண்டு படைத்தலைவர்கள் பொறாமைப்பட, எனக்கு மட்டும் ஐயம் எழுந்தது. தண்ணீர்க் குடத்தை விட்டு நகராதிருப்பது எந்த வீரத்தில் சேர்த்தி?

ஆகவே தாங்கள் வேட்டைக்குப் புறப்பட்டபின், இங்கே மிச்சமிருந்த லேகியத்தில் நாள்தோறும் சுண்டைக்காய் அளவு அரண்மனைச் சேவலுக்கு வைத்தேன். அது மூன்று நாள் ஓசையே இல்லாமல் கூவிற்று. நான்காம் நாள் பட்டத்து யானையை மறித்துப் போருக்கு அழைத்தது. யானை மரியாதையாக ஒதுங்கிப் போயிற்று. பெட்டைக் கோழிகளோ தலை நிமிராமல் குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தன. பொய் என்று தோன்றினால் யானையை விசாரித்துக்கொள்க. சேவல் அன்றே செத்தது. அறுத்துப் பார்த்த நம் பழைய மருத்துவர், லேகியத்தில் ஊமத்தை விதை உண்டு, இன்னும் சில நாள் சென்றால் அரசர் நெஞ்சும் நின்றுவிடும் என்றார்.

பிறகு ஒற்றர்களுள் ஒருத்தியான வேலக்காளைக் கூடை விற்பவளாகப் புலிநகன் வீட்டுக்கு அனுப்பினேன். உன் கணவரும் இதைத்தான் உண்பாரோ என்று கேட்டதற்கு அவன் மனைவி சொன்னதை அப்படியே தருகிறேன்: "அந்தக் கருமத்த வீட்டுல யாரு தின்பா? எங்க வீட்டுக்காரருக்குப் படுத்தா பேச்சுதான். எனக்கு எது இதமா இருக்குன்னு கேப்பாரு, நான் சொல்லுவேன். பதினாலு வருசமா வேற மருந்து இல்லடி."

இனிச் சொல்லக் கூசும் செய்தி. அரசியார் மதிநிறையாள் தந்தை நாட்டுக்குப் போகப் பல்லக்குக் கேட்டிருக்கிறார். இந்த ஓலை எழுதும் நாளுக்கு ஐந்தாம் நாள் காலை பயணம். போர் முடிந்து வந்த அன்று தங்கள் உடல் ஒத்துழையாததை அவர் குறையாகவே எண்ணவில்லையாம். களைப்பு என்று விட்டுவிட்டாராம். அன்று முதல் தாங்கள் சுவரைப் பார்த்துப் படுப்பதுதான் புண்ணாயிற்று. என்னிடம் அவர் கூறியது: "என்னை வேண்டாமென்றாலும் அதை வாயால் சொல்லச் சொல்லுங்கள், அமைச்சரே."

எழுபத்தாறு வயதுக்காரன் சொல்கிறேன். அப்படி ஓரிரவு எனக்கும் வந்தது. ஒன்றென்ன, பல வந்தன. வீட்டுக்காரி சிரித்தாள், நானும் சிரித்தேன், விடியும்வரை ஊர்வம்பு பேசினோம். நாட்டின் எல்லை ஒரு சாண் குறையவில்லை.

தாங்கள் போகும்போது முத்திரை மோதிரத்தை என்னிடம் விட்டுச் சென்றீர்கள். அரசர் இல்லாதபோது அரசர் பெயரால் யாருக்கும் ஆணையிட அதற்கு உரிமை உண்டு. யாருக்கும் என்பதிலிருந்து அரசரை விலக்கும் சட்டம் எதையும் நான் காணவில்லை. ஆதலால்:

செருவாழி வேள் ஆணை. செருவாழி வேள் என்பவர் இன்றே லேகியத்தைக் குழி தோண்டிப் புதைத்து, மருத்துவனைக் காவலில் வைத்து, பல்லக்குப் புறப்படுமுன் அரண்மனை வந்து, அரசியாரிடம் தாமே முதலில் பேசுக. என்ன பேசுவதென்று தெரியாவிட்டால், தெரியவில்லை என்று சொல்லியே தொடங்குக. மீறினால் அரச தண்டனை.

இதற்கு முத்திரை இட்டேன். நிறைவேற்றுக.