அந்த அறையில் மூன்று பேர் இருந்தோம்

மார்ச் 4

அன்புள்ள நெட்டைக்கு,

நலம்தானே? மகளுக்குச் சளி விட்டதா? போன் செய்தால் நீ எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம்.

என்னை சஸ்பெண்ட் செய்து பதினோரு நாள் ஆகிறது. நடந்தது உனக்குத் தெரியும், நம் குழந்தைகள் நல அலுவலகக் கூட்டத்தில் நீ என் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தாய். அந்தக் கைக்குழந்தையின் முதுகில் இருப்பது காயம் இல்லை, கறுத்த தோல் பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே வரும் நீல மச்சம், டாக்டரிடம் காட்டிவிட்டு, தாயிடமிருந்து பிரிப்பதா என்று முடிவெடுப்போம் என்றேன். மேலாளர் என்ன சொன்னார்?

"உங்க ஆளுங்கன்னா உங்களுக்கு மனசு இளகிடுது. அடிக்கிறது இவங்க வீட்ல பழக்கம்தானே?"

அன்றே குழந்தையைத் தாயிடமிருந்து எடுத்து வந்தாயிற்று. அந்தத் தாய் என் ஊரும் இல்லை, என் மொழியும் இல்லை. அதே வாரம் கை முறிந்த வெள்ளைக்காரப் பையனை, 'நல்ல குடும்பம்' என்று எழுதி வீட்டிலேயே விட்டோம். இதைப் புகாராகக் கொடுத்ததற்குத்தான் நான் 'நடுநிலை தவறியவள்'.

இருபதாம் தேதி விசாரணை. காதில் விழுந்ததை மட்டும் சொல். போதும்.

உன்
வாயாடி

மார்ச் 9

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதம் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. ஆனால் என் நிலைமையையும் பாருடி. என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை, அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். அவர் கெட்டவர் இல்லை, வாய்தான் கொஞ்சம் நீளம். நீயும் நிதானமாகச் சொல்லியிருக்கலாம். என்னை இதில் இழுக்காதே. கோபித்துக்கொள்ளாதே.

உன்
நெட்டை

ஏப்ரல் 2

மதிப்பிற்குரிய அம்மையாருக்கு,

வேலை நிரந்தரமானதற்கு வாழ்த்துகள்.

உங்கள் வாக்குமூலத்தின் பிரதி எனக்கும் வந்தது. 'அப்படிப் பேசியதாக நினைவில்லை.' ஒரே வரி. என்னைக் கோப்பு அடுக்கும் அறைக்கு மாற்றிவிட்டார்கள். மேலாளருக்கு ஒன்றும் இல்லை.

டாக்டர் அறிக்கையும் வந்துவிட்டது. மச்சம்தான். முப்பத்தெட்டு நாள் கழித்துக் குழந்தையைத் திருப்பிக் கொடுத்தார்கள். தாய்க்குப் பால் வற்றிவிட்டது. தூக்கினால் குழந்தை வேற்று ஆளைப் பார்த்ததுபோல் வீறிடுகிறது.

நேற்று அவள் வீட்டுக்குப் போனேன். கூட்டத்தில் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். கேட்டுவிட்டு, "பிள்ளைய எடுத்துட்டுப் போனப்ப உயரமா ஒருத்தங்க கூட வந்தாங்களே, அவங்க ஒண்ணும் சொல்லலையா?" என்றாள்.

உங்களிடமே கேட்கச் சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமை பத்து மணிக்குக் குழந்தையோடு உங்கள் மேசைக்கு வருவாள்.

இப்படிக்கு,
சமூகப் பணியாளர்,
கோப்புப் பிரிவு