ஐந்தாவது மாதிரி

5 ஜூன் 1978

விடியலிலிருந்து மழை. இன்றும் கால்குலேட்டர் விடை தரவில்லை. கடைசித் தூள் மாதிரியின் எடையைத் தட்டப்போகும்போது சிவப்பாய் ‘E’ என்று ஓர் எழுத்து மட்டும். தேயிலைத் தூளில் எவ்வளவு ஈரம் என்று தெரியாமலே பெட்டியில் அடைத்துவிட்டார்கள்.

ஃபாக்டரியைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கர் வாசலிலேயே நின்று சொன்னார்: “குருவம்மா, தூளு பூசணம் பிடிச்சுத் திரும்பி வந்துச்சுன்னா தொரை என்னையக் கேக்க மாட்டாரு. ஒன்னையத்தான் கொழுந்தெடுக்க அனுப்புவாரு.”

8 ஜூன்

ஒன்று கவனித்தேன். தேயிலை உலர்த்தும் புது டிரையரை ஓட்டும் அமிர்தநாதன் தன் மாதிரியோடு என் அறைக்குள் வந்தால்தான் கால்குலேட்டர் மெஷின் கெடுகிறது. என் வேலையைத் தன் மச்சினனுக்குக் கேட்டுப் பார்த்தவர். இன்று மேசைமேல் கை ஊன்றி நின்றார். “கைய எடுங்கண்ணே” என்றேன். சிரித்தார். எதுக்குச் சிரிக்கணும்?

10 ஜூன்

மெஷினை முந்தானையில் சுற்றி வீட்டுக்கே கொண்டுவந்து, காலையில் நானே எடுத்துப் போனேன். அப்படியும் E. அவர் ஜன்னலோரம் நின்றிருந்தார்.

13 ஜூன்

அமிர்தநாதன் கல்யாணத்துக்குக் காந்தலூர் போயிருக்கிறார். புது டிரையர் ஓடவில்லை. விடை வந்தது! இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? டீமேக்கரிடம் சொல்லிவிட்டேன்.

15 ஜூன்

அவரை டிரையரிலிருந்து எடுத்து, மலையில் மருந்தடிக்கப் போட்டுவிட்டார்கள். இந்த மழையில். எனக்கென்ன? செய்தவர் படட்டும்.

16 ஜூன்

புது டிரையரை இப்போது அழகுமலை ஓட்டுகிறான். மாதிரியை அவன்தான் கொண்டுவந்தான்.

E.

17 ஜூன்

ஞாபகப்படுத்திப் பார்த்தேன். பழைய டிரையர்கள் நான்கு. புதியது ஓடினால் மாதிரி ஐந்து. ஒவ்வொரு மாதிரிக்கும் கால்குலேட்டரில் ஓர் அடைப்புக்குறி திறந்து, எல்லாவற்றையும் கடைசியில்தான் மூடுவேன். இன்று எண்களே போடாமல் அடைப்புக்குறியை மட்டும் ஒவ்வொன்றாய்த் திறந்தேன். நான்கு வரை பொறுத்தது. ஐந்தாவதைத் தொட்டதும் E. அதற்கு மேல் அது தாங்காது, அவ்வளவுதான். முதல் மூன்றைத் தனியாகக் கணக்கிட்டு மூடிவிட்டு, மற்ற இரண்டையும் பிறகு சேர்த்தேன். விடை வந்தது.

அப்ப அவரு? அவரு என்னதான் செஞ்சாரு? ஐந்தாவது மாதிரியைக் கொண்டுவந்தார். வேறொன்றுமில்லை.

19 ஜூன்

டீமேக்கரிடம் போய், “மெஷின் கெடல. யாரும் கெடுக்கவும் இல்ல. நாந்தான் தப்பாச் சொல்லிட்டேன்” என்றேன். கத்தினார். பிறகு அமிர்தநாதனைத் திரும்பக் கூப்பிட ஆளனுப்பினார்.

24 ஜூன்

இந்த வாரம் முழுவதும் விடை சரியாக வந்தது. அமிர்தநாதன் டிரையருக்கு வந்துவிட்டார். மருந்து பட்டு விரலிடுக்கெல்லாம் வெந்திருக்கிறது. மாதிரியை மட்டும் அழகுமலை கையில் கொடுத்தனுப்புகிறார். இன்று நானே டிரையர் பக்கம் போய், “நீங்களே கொண்டாரலாம்லண்ணே?” என்று கேட்டேன்.

அடுப்பு வாயிலிருந்து அவர் திரும்பவில்லை.

“வேணாம் தாயி. நாளைக்கு அந்த அறையில வேற எதாச்சும் கெட்டுப்போகும்.”